செருப்பும் தெருவும்



1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை காலில் சப்பாத்தோடு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். நம் நாட்டு உடையில் வருகிறவர் காலணியை வெளியே விட்டுவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீதிபதி அவரை வெளியேற்றினார். அவர் விடவில்லை, பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார். சாதி வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்று 1881இல் ஆணை வந்தபோது முன்நின்று பதிந்தவரும் அவரே. லப்போர்த் என்று பெயரும் வைத்துக்கொண்டார். 'கதவு' என்று பொருள்.

புதுச்சேரிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வோம். தகும். ஆனால் வில்லியனூரிலும் பாகூரிலும் நின்று கேட்கிறவர்களுக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பொன்னுத்தம்பியைத் தடுத்தவர் வெள்ளைக்கார நீதிபதி. மேலே முறையிட அவருக்கு ஒரு மன்றம் இருந்தது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட காலுக்கு, 'ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடி' என்று சொன்னது எந்த அரசாணை? எழுதியிருந்தால்தானே ரத்து செய்ய முடியும்!

மீறும் வரை அப்படியொரு விதி இருப்பதாகவே ஊர் ஒப்புக்கொள்ளாது. "நம்ம ஊர்ல அதெல்லாம் கிடையாதுங்க, தாயா பிள்ளையா பழகறோம்" என்பார்கள். ஒரு பையன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, வண்டியை விட்டு இறங்காமல் அந்தத் தெருவில் போகட்டும். உடனே அடிதடி வரும் என்றில்லை. அவன் அப்பாவைக் கூப்பிட்டு விடுவார்கள். "பையன் கொஞ்சம் துள்றான் போலிருக்கே." அவ்வளவுதான் பேச்சு. அடுத்த அறுப்புக்கு அவன் அம்மாவைக் கூப்பிட மாட்டார்கள். கடையில் கடன் நின்றுபோகும். இதில் எதைக் காவல் நிலையத்தில் புகாராக எழுதுவீர்கள்? பிறகு நம் வீட்டுக்குள்ளிருந்தே குரல் வரும்: "உனக்கு ஏண்டா இந்த வம்பு?" அந்த அம்மாவைக் கோழை என்று சொல்ல நான் தயாரில்லை. கூலி நின்ற நாளில் அடுப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாணவர்கள் மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நம்மவர் பொது இடத்தில் செருப்பு போடுவதை, புதுத்துணி உடுத்துவதை, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுத்தால் குற்றம் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. நம் தாத்தாக்களுக்கு மனப்பாடமான பட்டியல்! பொன்னுத்தம்பியின் சப்பாத்துக்கு 142 ஆண்டு கழித்து நாடாளுமன்றம் அதைக் காகிதத்தில் ஏற்றியது. இனி யாரும் 'அப்படியொன்றும் இல்லையே' என்று சொல்ல முடியாது. அந்தத் திருத்தத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். தண்டனை கிடைப்பது வேறு கதை.

இந்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டியிடம் கேளுங்கள்: எந்த முனையில் செருப்பைக் கழற்றினீர்கள்? முதலில் கழற்றாமல் போனது யார்? அவர் குடும்பம் அதன் பிறகு எங்கே வேலைக்குப் போனது? முதலில் சிரிப்பார்கள். பொறுத்திருந்து மறுபடியும் கேளுங்கள். தெருப்பெயரோடு எழுதி வையுங்கள்.