பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்?



அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் அதைத் தூக்க எத்தனை கைகள் இருந்தன? பாட்டி இருந்தாள். அத்தை இருந்தாள். பெரியம்மா இருந்தாள். அம்மா களையெடுக்கப் போனால் பாட்டி தூளியை ஆட்டினாள். அண்ணன் பிள்ளையும் தம்பி பிள்ளையும் ஒரே முற்றத்தில் வளர்ந்தார்கள். கைக்குழந்தையை ஏழு எட்டு வயது அக்காள் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

இன்று அந்தக் கைகள் எங்கே?

பிழைப்பைத் தேடிக் குடும்பங்கள் பிரிந்துவிட்டன. பீகாரிலிருந்து டெல்லிக்குப் போகிறார்கள். ஒடிசாவிலிருந்து சூரத்துக்குப் போகிறார்கள். பாட்டி கிராமத்தில் இருக்கிறாள். மகனும் மருமகளும் நகரத்தில் ஓர் அறையில் இருக்கிறார்கள்.

பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. 1992-93இல் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு நடந்தது. அப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 3.4 பிள்ளைகள். 2019-21இல் அது 2 ஆகிவிட்டது. இது தாயின் உடம்புக்கு நல்லது. ஆனால் வீட்டில் ஆள் குறைந்துவிட்டது.

அக்காள் எங்கே? அவள் பள்ளிக்கூடம் போகிறாள். 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்ற சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளை நிறுத்தலாமா? கூடாது. ஒரு பிள்ளையைக் காக்க இன்னொரு பிள்ளையின் வாழ்வைக் கெடுக்கலாமா?

அப்படியானால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? "பெற்றவள்தான்" என்று ஊர் சொல்கிறது. பெற்றவள் கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரிவது எப்படி? அதை ஊர் சொல்வதில்லை.

கட்டடத்து மண்ணில் கிடந்த குழந்தைகள்

1969ஆம் ஆண்டு. காந்தியடிகள் பிறந்த நூற்றாண்டு. டெல்லியில் அவர் நினைவாகப் பெரிய கண்காட்சி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கல் சுமந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் வெயிலிலும் புழுதியிலும் கிடந்தார்கள். மீரா மகாதேவன் என்ற பெண்மணி அதைப் பார்த்தார். அங்கேயே ஒரு கூடாரத்தில் குழந்தைகளுக்கு இடம் அமைத்தார். அதுதான் 'மொபைல் கிரெச்சஸ்' என்ற அமைப்பின் தொடக்கம். கட்டட வேலை எங்கே நகர்கிறதோ, அங்கே குழந்தைகள் காப்பகமும் நகர்ந்து போனது.

அந்தக் கூடாரம் ஒரு பாடம் சொன்னது. பிள்ளை வளர்ப்பது ஒரு வீட்டுக் கவலை மட்டும் அல்ல. வேலை கொடுப்பவருக்கும் அதில் பங்கு உண்டு. ஊருக்கும் அரசுக்கும் பங்கு உண்டு.

அரசு என்ன செய்கிறது?

1975 அக்டோபர் 2. அன்றுதான் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. முதலில் 33 இடங்களில்தான் நடந்தது. இன்று நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. அங்கே சத்துணவு கிடைக்கிறது. தடுப்பூசிக்கு ஏற்பாடு உண்டு. குழந்தையை எடை போடுகிறார்கள். பாட்டும் கதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

2013ஆம் ஆண்டில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைக்கு அங்கன்வாடி வழியாக இலவச உணவு தரவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே அந்த உணவு தர்மம் அல்ல. அது குழந்தையின் உரிமை.

பள்ளியில் மதிய உணவும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்றது. ஒரு மாநிலம் காட்டிய வழி, நாட்டுக்கே வழி ஆயிற்று.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் சத்துமாவைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். மாவு வீட்டுக்கு வருகிறது. ஊட்டிவிட வீட்டில் ஆள் வேண்டுமே! பல அங்கன்வாடிகள் பகலில் சில மணி நேரம்தான் நடக்கின்றன. கூலி வேலை முடிய மாலை ஆகிவிடும். நடுவில் உள்ள நேரத்துக்கு யார் பொறுப்பு?

இந்தக் குறையைத் தீர்க்க இப்போது சில முயற்சிகள் நடக்கின்றன. 2022 முதல் 'பால்னா' என்ற மத்திய அரசுத் திட்டம் உள்ளது. அதில் அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த வழி உண்டு. கர்நாடக அரசு 2023இல் கிராமப் பஞ்சாயத்துகளில் 'கூசின மனெ' என்ற குழந்தை வீடுகளை அறிவித்தது. ஆனால் எல்லா ஊருக்கும் இவை இன்னும் வந்துசேரவில்லை.

தாய்க்கு ஓய்வும் பணமும்

பதிவேட்டில் பெயர் உள்ள பெண் ஊழியருக்குப் பேறுகால விடுப்பு உண்டு. 2017இல் அது 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஏற்கெனவே இரண்டோ அதற்கு மேலோ குழந்தைகள் உயிரோடு இருந்தால் 12 வாரம்தான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும் என்று சட்டம் சொன்னது.

நல்ல சட்டம்தான். ஆனால் நாற்று நடுபவளுக்கு யார் விடுப்புக் கொடுப்பார்கள்? பீடி சுற்றுபவளுக்கு? செங்கல் சூளையில் இருப்பவளுக்கு? நம் நாட்டில் உழைக்கும் பெண்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்.

இவர்களுக்காகவே 2013ஆம் ஆண்டுச் சட்டம் தாய்மைக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்றது. அதன்படி 2017இல் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் தொடங்கியது. இதில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தருகிறார்கள். 2022 முதல், இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ரூபாய். சட்டத்தில் 'முதல் குழந்தைக்கு மட்டும்' என்ற சொல் இல்லை. திட்டத்தில்தான் அந்த வரம்பு வந்தது. சட்டத்துக்கும் திட்டத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால்தானே கேட்க முடியும்?

குழந்தையைப் பார்ப்பதும் வேலைதான்

2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒரு நல்ல விதியைச் சேர்த்தது. வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றது. அவளுக்கும் கூலி தரவேண்டும் என்றது. மண் வெட்டுவது வேலை. பிள்ளையைப் பார்ப்பதும் வேலை. அரசின் சட்டமே இதை ஒப்புக்கொண்டது.

வீட்டில் இதை ஒப்புக்கொள்கிறோமா? 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையை 100 பெண்களில் 81 பேர் செய்தார்கள். 100 ஆண்களில் 26 பேர்தான் செய்தார்கள். அப்படிச் செய்த பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செய்தார்கள். செய்த ஆண்கள் 97 நிமிடம் செய்தார்கள். பாட்டியும் அத்தையும் இல்லாத வீட்டில் அப்பாவின் கைதான் அடுத்த கை. குழந்தையைக் குளிப்பாட்டினால் ஆண்மை குறைந்துவிடாது.

செய்ய வேண்டியவை

கர்ப்பம் தெரிந்தவுடன் அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் பெயரைப் பதியுங்கள். தாய் சேய் நல அட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். எந்த ஊசி எப்போது போடவேண்டும், பிள்ளையின் எடை ஏறுகிறதா என்று அந்த அட்டையே சொல்லும்.

குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்.

அங்கன்வாடி ஒழுங்காகத் திறக்கிறதா? உணவு சரியாக வருகிறதா? கிராமசபையில் எழுந்து கேளுங்கள். "வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு நம் ஊரில் காப்பகம் வேண்டும்" என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாங்கிப் படித்துப் பாருங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பழைய கூட்டுக் குடும்பம் அப்படியே திரும்பி வராது. ஆனால் ஒரு குழந்தைக்குப் பல கைகள் வேண்டும் என்ற உண்மை மாறவில்லை. அப்பாவின் கை, அங்கன்வாடியின் கை, பஞ்சாயத்தின் கை, அரசின் கை எல்லாம் சேரட்டும். இவ்வளவு கைகள் சேர்ந்தால் தாய் நிம்மதியாக வேலைக்குப் போவாள். அக்காள் பள்ளிக்குப் போவாள். குழந்தை நன்றாக வளரும்.