கொசு கடிக்கவில்லை



மெக்கானிக்கல் படித்தவனுக்கு மருத்துவப் பேச்சு எதற்கு என்பீர்கள். என் அப்பா சங்கதி இது. 2021-இல் அவருக்கு சி.எல்.எல். என்கிற, மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. மறு வருஷம் கை காலெல்லாம் சிவந்த தடிப்பு. ராத்திரி பூரா அரிப்பு. பார்த்தால் அசல் கொசுக்கடி. எஞ்சினியர் ஆச்சே, ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தேன். தடிப்பு நிற்கவில்லை. ஒட்டிக்குமோ என்று பயந்து அப்பா பேத்தியைத் தூக்குவதையே விட்டுவிட்டார். "தாத்தாவுக்கு எம்மேல கோபமா?" என்று கேட்டது குழந்தை.

தோல் டாக்டர் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார். இந்த நோயாளிகளின் உடம்பு கொசுக்கடிக்கு மிகையாகச் சீறுகிறது என்று 1965-லேயே எழுதியிருக்கிறார்களாம். பிற்பாடு பார்த்தால், பலருக்குக் கடிபட்ட ஞாபகமே இல்லை. எதிர்ப்புச் சக்தி தடம் புரள்வதால் தானாகவே வருகிறது, ஒட்டாது. (அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் வேறு. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓடணும்.)

ஸ்டீராய்டு களிம்பில் அரிப்பு தணிந்தது. அப்பப்போ திரும்பியும் வருது. "ஒட்டாது" என்று கேட்ட அன்று சாயங்காலமே அப்பா பேத்தியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.