லாகீஸ் தரும் சாட்சியம்



விவிலியக் கதைகளின் வரலாற்று நம்பகத்தன்மை பற்றி ஆராயக் கூடியிருக்கிறோம். தலைப்பைக் கேட்டவுடனேயே அவை இரண்டாகப் பிரிந்துவிடுவதைப் பல கருத்தரங்குகளில் பார்த்திருக்கிறேன். எழுதியிருப்பதெல்லாம் அப்படியே நடந்தது என்பார் ஒரு சாரார். எல்லாம் பிற்காலப் புனைவு என்பார் மறுசாரார். இருவருமே விவிலியத்தை ஒரே நூலாக எண்ணிக்கொண்டு வாதாடுகிறார்கள். அதுவோ பல நூற்றாண்டுகளில் பலருடைய கைபட்டு உருவான தொகுப்பு. அதன் முழுமைக்கும் ஒரே தீர்ப்பு வழங்க இயலாது. ஒவ்வொரு கதையையும், சில இடங்களில் ஒவ்வொரு வசனத்தையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். இதை வற்புறுத்தவே ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிப் யூதா நாட்டின்மீது படையெடுத்தான். அப்போது எருசலேமில் ஆட்சி செய்தவன் எசேக்கியா. இந்தப் படையெடுப்பைப் பற்றி விவிலியம் பேசுகிறது; படையெடுத்தவனே எழுதிவைத்த குறிப்பு கிடைத்திருக்கிறது; அவன் அரண்மனைச் சிற்பங்கள் கிடைத்திருக்கின்றன; அகழ்ந்தெடுத்த மண்ணும் பேசுகிறது. பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளில் இத்தனை சாட்சிகள் ஒருங்கே வாய்ப்பது அரிது.

சனகெரிப்பின் குறிப்பு ஆறு பட்டைகள் கொண்ட களிமண் கட்டி ஒன்றில் இருக்கிறது. இன்று அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. யூதாவின் 46 அரண்சூழ்ந்த நகரங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரைச் சிறைகொண்டேன், எசேக்கியாவை அவன் நகருக்குள்ளேயே அடைத்தேன் என்கிறான். திறையாகப் பெற்றது 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி என்பது அவன் கணக்கு. இரண்டாம் இராஜாக்கள் நூலின் 18ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். அங்கேயும் பொன் 30 தாலந்துதான். வெள்ளி மட்டும் 300. வெள்ளிக் கணக்கு இடிக்கிறது. ஆனால் பகைவர் இருவர் எழுதிய கணக்கில் பொன் ஒத்துப்போவதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அந்தப் பகுதியில்தான் எசேக்கியா தன் தவற்றை ஒப்புக்கொண்டு, ஆலயக் கதவுகளின் பொன்தகட்டையும் பெயர்த்துக் கொடுக்கிறான். இதே வரலாற்றைச் சொல்லும் ஏசாயா 36இல் இந்த வசனங்கள் இல்லை. பின்னால் வந்த இரண்டாம் நாளாகமமும் இந்தத் திறையைச் சொல்லாமல் கடந்துவிடுகிறது. தம் அரசனின் தாழ்வைத் தம் மக்களே எழுதிக் காத்துவைத்த இந்தச் சில வரிகளை, இப்பகுதி முழுவதிலும் மிக நம்பத்தக்கவையாக நான் கருதுகிறேன்.

அடுத்த அதிகாரத்தில் நிலைமை வேறு. எசேக்கியாவுக்கு உதவ வந்த திராக்கா அங்கே எத்தியோப்பிய அரசன் எனப்படுகிறான். அவன் அரியணை ஏறியதோ கி.மு. 690 அளவில். ஆகவே இப்பகுதி இன்றைய வடிவம் பெற்றது பிற்பாடுதான். சனகெரிப் ஊர் திரும்பியதும் மகன்கள் கையால் மாண்டதுபோல் கதை ஓடுகிறது. மகன் கையால் மாண்டது உண்மைதான். பாபிலோனிய வரலாற்றுக் குறிப்பும் அதைச் சொல்கிறது. ஆனால் அது கி.மு. 681இல், இருபது ஆண்டு கழித்து நடந்தது. ஒரே இரவில் 1,85,000 வீரரைத் தேவதூதன் அழித்தான் என்பதற்குப் புறச்சான்று கிடையாது. அதே வேளையில், அத்தனை பெருமை பேசும் சனகெரிப்பும் எருசலேமைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. நகரம் தப்பியது வரலாறு. தப்பிய விதத்தை நம்பிக்கையின் மொழியில் விவிலியம் சொல்கிறது. எகிப்தில் சனகெரிப் படையின் வில்நாண்களை எலிகள் கடித்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதிய கதையை இதோடு கோத்து, கொள்ளைநோய் என முடிவு கட்டுவோர் இருக்கிறார்கள். இரண்டு கதைகளைக் கூட்டி ஒரு வரலாறு செய்யும் இந்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

எதிரியின் குறிப்பையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. கல்லிலும் களிமண்ணிலும் இருப்பது மெய்யாகத்தான் இருக்கும் என்ற மயக்கம் நம்மிடம் உண்டு. 2,00,150 என்பது வெற்றி முழக்கத்தில் வரும் எண். அன்றைய யூதாவின் அளவுக்கு அது மிகப் பெரிது.

இனி லாகீசுக்கு வருகிறேன். எருசலேமுக்குத் தென்மேற்கே இருந்த, யூதாவின் பெரிய கோட்டை நகரம் அது. அதன் வீழ்ச்சியைச் சனகெரிப் நினிவே அரண்மனையின் ஓர் அறைச் சுவர்களில் செதுக்கினான். லேயார்டு 19ஆம் நூற்றாண்டில் அதைத் தோண்டியெடுத்தார். மண்மேட்டின்மேல் ஏறும் முற்றுகைப் பொறிகள், கழுவேற்றப்பட்ட மூவர், மூட்டை முடிச்சோடு மாட்டுவண்டியில் போகும் பெண்களும் குழந்தைகளும், அரியணையில் சனகெரிப். அவன் முகத்தைப் பிற்பாடு யாரோ சிதைத்திருக்கிறார்கள். 1973இல் உஸ்ஸிஷ்கின் லாகீசிலேயே அகழாய்வு தொடங்கினார். அசீரியர் எழுப்பிய அந்த மண்மேடும், அதற்கு எதிராக நகரத்தார் மதிலுக்கு உள்ளே அவசரமாகக் கொட்டிய எதிர்மேடும், நூற்றுக்கணக்கான அம்புமுனைகளும் வெளிப்பட்டன. அதற்கு முன் 1930களில் ஸ்டார்க்கி கண்ட குகைகளில் ஏறத்தாழ 1,500 பேரின் எலும்புகள் கிடந்தன. அவர்கள் இம்முற்றுகையில் மடிந்தோர் எனப் பலர் கருதுகிறார்கள். ஆனால் சனகெரிப்பின் களிமண் குறிப்பு லாகீசைப் பெயர் சொல்லவில்லை. விவிலியமும் அவன் அங்கே தங்கியிருந்தான், முற்றுகையிட்டான் என்ற அளவில் நின்றுவிடுகிறது. இத்தனை பேர் அழிந்ததை இரண்டு எழுத்துகளும் விட்டுவிட்டன. இந்த மௌனத்தையும் ஆராய்வது நம் கடமை.

வேறிரண்டு இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எரிகோவில் யோசுவா காலத்து மதிலைக் கண்டதாக 1930களில் கார்ஸ்டாங் அறிவித்தார். 1952 முதல் 1958 வரை அங்கே அகழ்ந்த கேத்லீன் கென்யன், அந்த மதில் ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு முந்தியது என்று நிறுவினார். தாவீது என ஒருவர் இருந்ததே ஐயம் என்று சிலர் எழுதிவந்த நாளில், 1993இல் தெல் தானில் தாவீதின் வம்சத்தைக் குறிக்கும் அரமேயக் கல்வெட்டு கிடைத்தது. அது வம்சத்துக்குச் சான்று. கோலியாத் கதைக்குச் சான்று ஆகாது.

கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் என் வேண்டுகோள் இது. நீங்கள் எடுத்துக்கொண்ட கதை எப்போது எழுதப்பட்டது, யாருக்காக எழுதப்பட்டது, புறச்சான்று எந்த வரி வரைக்கும் துணைநிற்கிறது என்பதைச் சொல்லிவிட்டு முடிவுக்கு வாருங்கள். இக்கதைகள் பேசும் மண்ணுக்காக இன்றும் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. மூவாயிரம் ஆண்டு பழைய கல்வெட்டை இன்றைய நிலப்பட்டாவாக யாரும் நீட்டுவதற்கு நம் ஆய்வு இடங்கொடுத்துவிடக் கூடாது. நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே மேசையில் அமர்ந்து சான்றுகளைப் பார்க்கும்படி இரண்டு நாள் அமர்வுகளையும் நடத்தித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.