வீட்டில் செய்த விளையாட்டுப் பெட்டி



பட்டணத்துக் கடைத்தொகுதிகளில் காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி, நடுவில் திரை, அதன் கீழே ஒரு கைப்பிடி, சில பொத்தான்கள். பிள்ளைகள் அதன் முன்னால் நின்றுவிட்டால் நகர மாட்டார்கள். "காசைத் தின்னும் பெட்டி" என்று நாம் அலுத்துக்கொள்வோம். அந்தப் பெட்டியை ஒரு பையன் தன் கையாலேயே செய்தால் என்ன கற்றுக்கொள்வான்? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1972ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அட்டாரி என்ற புதிய நிறுவனத்தில் ஆலன் அல்கார்ன் என்னும் இளம் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்தார். கை பழகுவதற்காக அவருக்குக் கொடுத்த வேலை, திரையில் பந்தடிக்கும் ஒரு விளையாட்டைச் செய்வது. அவர் கடைக்குப் போய்ச் சாதாரணக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கினார். அதை நாலடி உயர மரப்பெட்டிக்குள் பொருத்தி, மின்கம்பிகளைத் தாமே பற்றவைத்தார். அதன் பெயர் 'பாங்'. பரீட்சைக்காக அந்த விளையாட்டை ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாளில் இயந்திரம் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. போய்த் திறந்து பார்த்தால் காசு நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தது! பிறகு 1978இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980இல் 'பேக்மேன்' என்று வந்து உலகெங்கும் பரவின. இவ்வளவு பெரிய தொழிலின் தொடக்கம், ஒருவர் கையால் செய்த ஒரு மரப்பெட்டி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். என் அண்ணன் இருபத்தைந்து ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பிறகு செம்பனைக்கு மாறினார். அவருடைய மகன் படிவம் மூன்றில் படித்தபோது, பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விளையாட்டுக் கடையில் நிற்கிறான் என்று தெரியவந்தது. அண்ணன் பிரம்பை எடுத்தார். பையனோ, "எனக்குப் படிப்பு வராது, நான் நின்னுக்கிறேன்" என்றான். அண்ணி அழுதுகொண்டு என்னிடம் வந்தார். நான் மரவேலை கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பையனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்: "அந்தப் பொத்தானை அமுக்கினால் உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியுமா?" அவன் விழித்தான். "தெரியாது சித்தப்பா" என்றான். "வா, செய்து பார்ப்போம்" என்றேன்.

முதல் முயற்சிக்கு ஆள் உயரப் பெட்டி வேண்டாம். மேசைமேல் வைக்கும் சிறிய பெட்டி போதும். நாலடிக்கு எட்டடி ஒட்டுப்பலகை ஒன்றே தாராளம். 12 மில்லிமீட்டர் கனம் போதும். திரைக்குப் பழைய கணினியின் தட்டைத் திரை ஒன்று. பழைய குழாய்த் தொலைக்காட்சியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. அதன் படக்குழாயில், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து.

பலகையை அறுப்பதற்கு முன், கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டிகளை வெட்டி முழு அளவில் ஒரு மாதிரி செய்யுங்கள். கை எட்டுகிறதா, கழுத்து வலிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். அட்டை வீணானால் கவலையில்லை. பலகை வீணானால் பணம் போகும்.

அளவில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. பலகையின் கனத்தை மறந்துவிடுவது. எங்கள் திரையின் வெளிச்சட்டம் 41 சென்டிமீட்டர். உள் அகலம் 43 என்று வைத்தோம். இரண்டு பக்கப் பலகையும் சேர்ந்து 2.4. ஆகவே பெட்டியின் வெளி அகலம் 45.4 சென்டிமீட்டர். கணக்குப் புத்தகத்தைத் தொடாத பையன், இந்தக் கணக்கை மூன்று முறை சரிபார்த்தான். ஏன்? தப்பினால் அவனுடைய பலகை வீணாகும்.

திரை சற்றுப் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வு இரண்டு பக்கப் பலகையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பையன் இரண்டையும் தனித்தனியே கோடிட்டான். ஒரு விரல் அளவு பிசகியது. அதுவரை வாசலில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்தார். "ஏண்டா, இந்த மரத்துக்கு ஒரு சாய்வு, அந்த மரத்துக்கு ஒரு சாய்வுன்னா வெட்டுவாங்க? அளவுத் தகடு எதுக்கு இருக்கு?" என்றார். தகரத்தில் ஒரு தகடு வெட்டினார். அதை வைத்தே இரண்டு பலகையிலும் கோடு போட்டார். நேயர்களே, பட்டைக்குள் இருக்கும் மெல்லிய உயிர்ப்பகுதியைக் காயப்படுத்தாமல், நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே சாய்வில் கத்தியை இழுத்தவர் அவர். தம் அப்பாவுக்கு இவ்வளவு நுட்பம் தெரியும் என்பதை அந்தப் பையன் அன்றுதான் கண்டான்.

இப்போது பொத்தானுக்கு வருவோம். மரப்பலகைக்குக் கழுத்து நீண்ட, திருகு வளையம் வைத்த பொத்தான் வாங்க வேண்டும். துளையிடும்போது பலகைக்கு அடியில் ஒரு வேண்டாத கட்டையை வைத்தால் விளிம்பு பிய்யாது. பொத்தானுக்குக் கீழே சிறிய சுவிட்சு ஒன்று இருக்கும். அதில் மூன்று முனைகள்: காம், என்.ஓ., என்.சி. காம் என்பது பொது முனை. என்.ஓ. முனை சாதாரணமாகத் திறந்திருக்கும், அமுக்கினால்தான் தொடும். என்.சி. முனை அதற்கு நேர்மாறு. எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கும், அமுக்கினால் விலகும்.

எல்லாப் பொத்தான்களின் காம் முனைகளையும் ஒரே கம்பி தொட்டுத் தொட்டுச் செல்லும். லயத்தில் ஒரே தண்ணீர்க் குழாய் வீடு வீடாகப் போவதைப் போல. ஐந்தாம் வீட்டில் குழாய் உடைந்தால் ஆறாம் வீட்டிலிருந்து தண்ணீர் வராது அல்லவா? அதேபோல், ஆறாம் பொத்தானிலிருந்து ஒன்றும் வேலை செய்யவில்லை என்றால், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே கம்பியைப் பாருங்கள். கைப்பிடியிலும் நான்கு சுவிட்சுகள் உண்டு. பிடியை இடப்பக்கம் சாய்த்தால் அதன் அடிமுனை வலப்பக்கம் போய் அங்குள்ள சுவிட்சை அமுக்கும். இதை மறந்து கம்பி மாட்டினால், இடம் வலமாகும்.

எங்கள் பெட்டியை முதன்முதலாக முடுக்கிய இரவு, திரையில் கப்பல் நிற்காமல் சுட்டுக்கொண்டே இருந்தது. பொத்தானை அமுக்கினால் சுடுவது நின்றது! நான் பையன்மேல் எரிந்து விழுந்தேன். "ஒழுங்காகச் செருகத் தெரியாதா?" என்று கத்தினேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான். தனியே உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. கம்பியை என்.சி. முனையில் மாட்டச் சொன்னவன் நான். அவன் நான் சொன்னபடியே செய்திருந்தான். மறுநாள் காலை அவனிடம் போய், "பிழை என்னுடையது தம்பி" என்றேன். அவன் சற்று நேரம் என்னையே பார்த்தான். "இதுவரை யாரும் என்கிட்ட அப்படிச் சொன்னதில்லை சித்தப்பா" என்றான். பெற்றோர்களே, அந்தச் சொல் என்னை இன்றும் சுடுகிறது.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். பொத்தான்களில் ஓடுவது வெறும் 5 வோல்ட். பிள்ளைகள் தாராளமாகத் தொடலாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் அப்படியல்ல. அதை வெட்டி ஒட்ட வேண்டாம். கடையில் விற்கும் நல்ல மின்மாற்றியையே வாங்கிப் பயன்படுத்துங்கள். பெட்டியின் கீழே சில துளைகள், மேலே சில துளைகள் இடுங்கள். குளிர்ந்த காற்று கீழே நுழையும்; சூடான காற்று மேலே வெளியேறும். பலகையை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

உள்ளே மூளையாக வேலை செய்ய, பழைய கணினி ஒன்று போதும். இல்லாவிட்டால் ராஸ்பெரி பை என்ற சிறிய பலகைக் கணினி உண்டு. பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கவென்றே பிரிட்டனில் உருவாகி 2012இல் விற்பனைக்கு வந்தது அது. ஆனால் பிறர் உரிமையுள்ள விளையாட்டைத் திருட்டுத்தனமாகப் படியெடுக்கப் பழக்காதீர்கள். 'ஸ்கிராட்ச்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு பிள்ளைகளே விளையாட்டு எழுதலாம். எங்கள் பையன் எழுதியது இதுதான்: மரத்திலிருந்து பால் சொட்டும், கீழே மங்கை இடமும் வலமும் நகர்த்திப் பிடிக்க வேண்டும். சொட்டு வரவர வேகமாகும். அதில் இன்றுவரை அண்ணனை வென்றவர் எங்கள் வீட்டில் இல்லை.

பையன் பள்ளியை விடவில்லை. தொழிற்கல்லூரியில் மின்துறைக்கு விண்ணப்பித்தான். நேர்முகத் தேர்வுக்கு அந்தப் பொத்தான் பலகையைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப் போனான். இடம் கிடைத்தது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பிள்ளையின் மனம் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ, அதைப் பிடுங்குவதற்கு முன், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை அவனோடு சேர்ந்து திறந்து பாருங்கள். அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.