முடி போச்சு, முளைச்சும் வந்தது

போன சந்திப்புக்கு வேலை காரணமாக வரமுடியலைன்னு சொல்லி அனுப்பினேன். பொய்! கீமோதெரபியில் தலை மொட்டை, புருவமும் இல்லை. "எந்தக் கோயில் வேண்டுதல்?"னு கேட்பீங்களோன்னு பயம்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும்; புற்றுநோய், முடிவேர் என்று பேதம் பார்க்காது. முதல் மருந்து ஏறி 2, 3 வாரத்தில் தலையணையெல்லாம் முடி. ஆனால் பெரும்பாலும் வேர்ப்பை சாவதில்லை. சிகிச்சை முடிந்து 3 மாதத்திற்குள் எனக்குப் பூனைமுடி எட்டிப் பார்த்தது. கோரைமுடிக்காரன், இப்போ சுருட்டை!

தம்பி தங்கைகளே, வகுப்புக்கு யாராவது தொப்பியோடு வந்தால் காரணம் கேட்காதீங்க, பக்கத்தில் உட்காருங்க. அன்று நான் வந்திருந்தால் என் நண்பர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள். அது புரியாமல் ஒரு சந்திப்பை இழந்துட்டேன்.