நடிகை டைரக்டர் ஆனார்: ஐடா லுபினோவின் கதை

(தொழிலாளர் வாசகசாலை ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

இன்று சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொழிலாளர் கூட்டத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சினிமாவும் ஒரு தொழில்தான். அங்கும் முதலாளி உண்டு, சம்பளம் உண்டு, காண்ட்ராக்டு உண்டு, சஸ்பென்ஷனும் உண்டு. அந்தத் தொழிலில் ஒரு பெண் நடத்திய போராட்டத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஐடா லுபினோ. 1918-ல் லண்டனில் பிறந்தவர். தலைமுறை தலைமுறையாக மேடையேறிய கூத்தாடிக் குடும்பம். தந்தை ஸ்டான்லி லுபினோ பேர்பெற்ற ஹாஸ்ய நடிகர். மகளுக்குப் பதினைந்து வயதானபோது, 1933-ல், ஹாலிவுட் அழைத்தது. பாரமவுண்டு ஸ்டூடியோ அவருடைய தலைமயிரை வெளுக்க வைத்து, அழகுப் பொம்மையாக நிறுத்தியது. 1934-ல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அதிலிருந்து தேறி எழுந்து நடித்தார்.

1940-ல் வார்னர் கம்பெனியில் சேர்ந்தார். அந்த ஆண்டே லாரி டிரைவர்களின் கதையான 'தே டிரைவ் பை நைட்' படத்தில் நடித்துப் புகழ் பெற்றார். அடுத்த ஆண்டு 'ஹை சியரா' படத்தில் ஹம்ப்ரி போகார்ட்டின் பெயருக்கு மேலே இவர் பெயர் வந்தது. 'தி ஹார்டு வே' படத்துக்காக நியூயார்க் விமர்சகர்கள் சிறந்த நடிகை என்று பரிசளித்தார்கள்.

பிறகென்ன குறை என்று கேட்பீர்கள். பணத்தில் குறையில்லைதான். அவர் பட்டினி கிடந்தவர் அல்ல. ஆனால் அந்தக் காண்ட்ராக்டைக் கவனியுங்கள். ஏழாண்டு ஒப்பந்தம். எந்த வேஷம் என்று முடிவு செய்வது முதலாளி. பிடிக்காத வேஷத்தை நடிகை மறுத்தால் சஸ்பெண்டு. சம்பளம் கிடையாது, வேறு கம்பெனியில் வேலை செய்யவும் கூடாது. சஸ்பெண்டான நாட்களை ஒப்பந்தக் காலத்தோடு கூட்டிக்கொள்வார்கள்! ஏழாண்டு எப்போது முடியும்? முதலாளி விரும்பும்போது முடியும். அடைக்க அடைக்கத் தீராத கடன் கணக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதை எதிர்த்து அதே வார்னர் கம்பெனியின் இன்னொரு நடிகை, ஒலிவியா டி ஹாவிலண்டு, கோர்ட்டுக்குப் போனார். ஏழாண்டு என்றால் காலண்டரில் ஏழாண்டுதான் என்று 1944 டிசம்பரில் கலிபோர்னியா அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒரு பெண் கொண்டுவந்த வழக்கு ஹாலிவுட் நடிகர் அத்தனை பேருக்கும் விலங்கைத் தளர்த்தியது.

லுபினோவும் வேஷங்களை மறுத்தார், பலமுறை சஸ்பெண்டானார். அந்த நாட்களில் அவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. படப்பிடிப்பு நடக்கும் இடங்களுக்குப் போனார். டைரக்டர் எப்படிக் காட்சியை அமைக்கிறார், காமிராவை எங்கே வைக்கிறார், எடிட்டர் எப்படி வெட்டி ஒட்டுகிறார் என்று கூர்ந்து கவனித்தார். முதலாளி தண்டனையாகக் கொடுத்த நாட்களைத் தொழில் கற்கும் நாட்களாக்கிக் கொண்டார். 1947-ல் வார்னரை விட்டு வெளியேறினார்.

1949-ல் கணவர் கோலியர் யங்குடன் சேர்ந்து சொந்தமாகச் சிறு கம்பெனி ஆரம்பித்தார். முதல் படம் 'நாட் வாண்டட்'. மணமாகாமல் தாயாகும் ஏழைப் பெண்ணின் கதை. டைரக்டர் எல்மர் கிளிப்டனுக்குப் படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களிலேயே மாரடைப்பு. வேறு ஆளை அமர்த்தப் பணமில்லை. லுபினோவே காமிராவின் பக்கத்தில் போய் நின்று படத்தை முடித்தார். ஆனாலும் டைரக்டர் என்று கிளிப்டன் பெயரையே போட்டார்.

அந்தப் படத்துக்கு லுபினோவுடன் சேர்ந்து திரைக்கதை எழுதியவர் பால் ஜாரிகோ. இடதுசாரி என்பதற்காக 1951-ல் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர். துத்தநாகச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைக் காட்டிய 'சால்ட் ஆப் தி எர்த்' என்ற 1954-ம் ஆண்டுப் படத்தின் தயாரிப்பாளரும் இவரே.

அடுத்து 'நெவர் பியர்'. இளம்பிள்ளை வாதம் தாக்கிய ஒரு நடனக்காரியின் கதை. உண்மையான சிகிச்சை நிலையத்தில், உண்மையான நோயாளிகளையே வைத்து எடுத்தார். நோயின் வேதனை அறிந்தவரல்லவா!

1950-ல் வந்தது 'அவுட்ரேஜ்'. பலாத்காரத்துக்கு ஆளான ஒரு குமாஸ்தாப் பெண்ணின் கதை. அந்தச் சொல்லையே திரையில் உச்சரிக்கத் தணிக்கை விதி இடம் தராத காலம் அது. குற்றத்தைக் காட்டி ஆபாசம் விற்கவில்லை லுபினோ. இருண்ட தெருவில் துரத்தும் காலடிச் சத்தத்தைக் கேட்க வைத்தார். மறுநாள் ஊரும் ஆபீசும் அவளைப் பார்க்கும் பார்வையைக் காட்டினார். அந்தப் பார்வை தாங்காமல் அவள் ஊரைவிட்டே ஓடி, ஆரஞ்சுப் பழம் 'பேக்' செய்யும் இடத்தில் கூலி வேலை பார்க்கிறாள். தவறு செய்யாதவள் ஏன் ஓடவேண்டும்? படம் கேட்கும் கேள்வி அதுதான்.

1953-ல் 'தி ஹிட்ச்-ஹைக்கர்': துப்பாக்கி முனையில் சிக்கிய இரண்டு ஆண்களின் கதை. பெண்ணால் பெண் கதையைத்தான் எடுக்க முடியும் என்றவர்களுக்கு அது பதில். அதே ஆண்டு 'தி பிகமிஸ்ட்'. இரண்டு மனைவிகளை மணந்தவனின் கதை. தானே நடித்து, தானே டைரக்டு செய்தார். இந்தச் சில ஆண்டுகளில் ஹாலிவுட்டில் முழுநீளப் படங்களை டைரக்டு செய்துவந்த ஒரே பெண் அவர்தான். டைரக்டர்கள் சங்கத்தில் டாரதி ஆர்ஸ்னருக்குப் பிறகு சேர்ந்த இரண்டாவது பெண்ணும் அவரே. ஆண் தொழிலாளர்கள் ஒரு பெண்ணின் உத்தரவை ஏற்கத் தயங்குவார்கள் என்று அறிந்து, கட்டளையிடாமல் வேண்டிக்கொண்டு வேலை வாங்கினார். அவரது நாற்காலியின் பின்புறம் 'நம் அனைவருக்கும் தாய்' என்று எழுதியிருந்தது.

பிறகு கம்பெனி ஏன் நிலைக்கவில்லை? படத்தை எடுப்பது ஒரு பாதி, விற்பது மறுபாதி. சில படங்களின் வினியோகம் கோடீஸ்வரர் ஹோவர்டு ஹியூஸின் ஆர்.கே.ஓ. கம்பெனி கையில் இருந்தது. 'தி பிகமிஸ்ட்' முதல் தாங்களே வினியோகிக்கப் பார்த்தார்கள். சிறு கம்பெனியால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை. சில ஆண்டுகளில் மூடவேண்டி வந்தது. விளைவிப்பவன் ஒருவன், சந்தை இன்னொருவன் கையில் என்றால் என்ன நடக்கும் என்பது வயலில் நிற்பவர்களுக்குத் தெரியும்.

லுபினோ ஓய்ந்துவிடவில்லை. டெலிவிஷனுக்குப் போனார், ஏராளமான தொடர்ப் படங்களை டைரக்டு செய்தார். 'ட்வைலைட் ஜோன்' தொடரின் மூல வரிசையில் டைரக்டு செய்த ஒரே பெண் அவர்தான். ஆனால் திரையரங்குக்காக அடுத்த படம் கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின: 1966-ன் 'தி டிரபிள் வித் ஏஞ்சல்ஸ்'. அதுவே கடைசி. 1995-ல், 77-ம் வயதில் காலமானார். மூன்றாண்டு கழித்து, 1998-ல், அமெரிக்க தேசியத் திரைப்பட ஏட்டில் 'தி ஹிட்ச்-ஹைக்கர்' சேர்க்கப்பட்டது. 2020-ல் 'அவுட்ரேஜு'ம் சேர்ந்தது.

தோழர்களே! அவருக்குத் திறமை இருந்ததா என்பது கேள்வியே அல்ல. திறமையுள்ள கைக்குக் கருவி கிடைத்ததா, எத்தனை நாள் கிடைத்தது என்பதே கேள்வி. சொந்தக் கம்பெனி கையில் இருந்த நான்கைந்து ஆண்டுகளில் ஆறு படங்கள். அது போனபின் பதின்மூன்று ஆண்டு காத்திருந்து ஒரே படம். இந்தக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோய், உங்கள் பெண் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.