எம்டன் என்றொரு பட்டப்பெயர்



இந்தச் சென்னை நாள் கூட்டத்தின் அழைப்பிதழில் என் தலைப்பை ‘ஒரு கடற்படை அதிகாரியும் அவர் பெற்ற விருதுகளும்’ என்று போட்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, “மகாவீர் சக்கரமா, வீர் சக்கரமா தம்பி?” என்று கேட்டார். இரண்டும் இல்லை ஐயா. நான் பேச வந்திருக்கிற ஆள் இந்த ஊர்மேல் குண்டு போட்டவர்.

யார் என்று பாதிப் பேருக்கு இப்போதே தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கும் அந்தச் சொல் தெரியும். எங்கள் வீட்டில் தாத்தாவின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பாட்டி குரலைத் தாழ்த்தி, “எம்டன் வந்தாச்சு, புத்தகத்தை எடுங்கடா” என்பாள். எம்டன் என்றால் ஏதோ கோபக்கார ராட்சசன், எமனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றுதான் நான் பல வருடம் நினைத்திருந்தேன். 2006இல் ‘எம்டன் மகன்’ என்று ஒரு படம் வந்ததே, நாசர் அப்பாவாக உறுமினாரே, அங்கேயும் அதே அர்த்தம்தான். தமிழ்ப் பெயர் வேண்டும் என்று அதை ‘எம் மகன்’ ஆக்கினார்கள். எண்பது, தொண்ணூறு வருடம் தமிழ் வீடுகளில் புழங்கிய சொல் அது. அதற்குப் பிறகும் அது தமிழ் இல்லை என்றால் என்ன செய்வது!

எம்டன் வடமேற்கு ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரம். அதன் பெயரை ஒரு சிறிய போர்க்கப்பலுக்கு வைத்தார்கள். அந்தக் கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர்.

முல்லர் 1873 ஜூன் 16ஆம் தேதி ஹனோவரில் பிறந்தார். அப்பா தரைப்படையில் கர்னல். பிள்ளை 1891இல் கடற்படையில் சேர்ந்தார். சிக்னல் அதிகாரி வேலை, பீரங்கி அதிகாரி வேலை, பெர்லினில் கோப்பு பார்க்கும் வேலை என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. நடுவில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே மலேரியா பிடித்தது. அந்தக் காய்ச்சல் கடைசிவரை அவரை விடவில்லை. இந்தக் காய்ச்சலை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும். 1913இல்தான் எம்டன் அவர் கைக்கு வந்தது, அப்போது அவருக்கு ஏறக்குறைய நாற்பது வயது. அதே வருடம் சீனாவின் யாங்சி ஆற்றில் கிளர்ச்சிக்காரர்களின் கோட்டைகளை எம்டன் சுட்டது. அதற்கு ஒரு பதக்கம் வந்தது. பெயர் ‘அரச மகுட விருது, மூன்றாம் வகுப்பு, வாள்களுடன்’. மூன்றாம் வகுப்பு! நம் ரயில்வேயில் மூன்றாம் வகுப்பை ஒழித்தேவிட்டார்கள். அவர்கள் ஊரில் வீரத்துக்கே வகுப்பு பிரித்து வைத்திருந்தார்கள்.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. ஜெர்மனியின் கிழக்கு ஆசியப் படையணி பசிபிக்கைக் கடந்து தென் அமெரிக்கா பக்கம் போகத் தீர்மானித்தபோது, ஒரே ஒரு கப்பல் மட்டும் இந்தியப் பெருங்கடலுக்குப் போகட்டும் என்று யோசனை சொன்னவர் முல்லர். சரி, நீயே போ என்றார்கள். மூன்று புகைபோக்கி உள்ள கப்பலில் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் ஆங்கிலேயக் கப்பல் போலத் தெரியும்படி, செப்டம்பரில் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தார்.

அவர் முதலில் பிடித்த ஆங்கிலேயக் கப்பல் ‘இண்டஸ்’. எம்டனில் அப்போது சோப்புத் தீர்ந்துபோயிருந்தது. இண்டஸைத் திறந்தால் உள்ளே பெட்டி பெட்டியாகச் சோப்பு! கல்கத்தாவில் அந்த சோப்பு கம்பெனிக்காரன் சும்மா இருந்தானா? எம்டன் துரத்தியதே எங்கள் சோப்புக்காகத்தான், இப்போது அந்த மாலுமிகள் மணக்க மணக்கத் திரிகிறார்கள், நீங்களும் வாங்குங்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டுவிட்டான். நம்மூர் வியாபாரிக்குப் போராவது ஒன்றாவது.

அடுத்தடுத்துக் கப்பல்கள் சிக்கின. முல்லரின் வழக்கம் இதுதான்: கப்பலை நிறுத்து, ஆட்களை இறக்கு, பிறகு கப்பலை மூழ்கடி. ‘கபிங்கா’ என்ற கப்பலில் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள். அதனால் அதை மூழ்கடிக்கவில்லை. அதுவரை பிடித்த கைதிகளை எல்லாம் அதில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிட்டார். போகும்போது அந்தக் கைதிகள் எம்டனைப் பார்த்து மூன்று முறை ஜே போட்டார்கள். கப்பலைப் பறிகொடுத்தவர்கள் பறித்தவருக்கே ஜே போட்டார்கள் என்றால், அந்தச் சில நாட்களில் அவர்களை அவர் எப்படி வைத்திருந்திருக்க வேண்டும்!

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு நடந்தது. மெட்ராஸ் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு நம் கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் மேல் இருந்தது. அதுவும் எரிகிறது. ‘இங்கேதான் இருக்கிறோம், வாருங்கள்’ என்று நாமே கூப்பிட்ட மாதிரி. எம்டன் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. சுமார் பத்து நிமிடம் சுட்டது, ஏறக்குறைய நூற்று முப்பது குண்டுகள். தொட்டிகள் தீப்பற்றின. கரையிலிருந்து நம் பீரங்கிகள் பதிலுக்கு ஒன்பது முறை சுட்டன. ஒன்றுகூட அந்தக் கப்பலில் படவில்லை. விளக்கை அணைத்துவிட்டு எம்டன் போய்விட்டது.

நேரத்தைப் பார்த்தால் இது ஒரு பத்து நிமிடக் காரியம். ஆனால் முல்லர் எண்ணெய்க்காக மட்டும் வரவில்லை. இந்திய மக்கள் பார்க்க வேண்டும், ஆங்கிலேயன் கெத்து குறைய வேண்டும், வியாபாரம் கலங்க வேண்டும் என்பதுதான் தன் கணக்கு என்று அவரே பின்னால் எழுதினார். அந்தக் கணக்கு பலித்தது. மறுநாளிலிருந்து பெட்டி படுக்கையோடு ஊரைக் காலி செய்துகொண்டு போனவர்கள் ஆயிரக்கணக்கில். கடலை ஆள்கிறோம் என்று சொன்னவர்களால் ஒரு கப்பலைத் தடுக்க முடியவில்லை என்பதை ஜார்ஜ் டவுனில் கடை வைத்திருந்தவர் கண்ணால் பார்த்துவிட்டார். ‘எம்டன்’ தமிழில் ஒரு சொல்லானது அப்போதுதான். எதிர்பாராத நேரத்தில் வருவான், கேட்க முடியாது, பிடிக்கவும் முடியாது. அப்பாவுக்கும் தலைமையாசிரியருக்கும் மேனேஜருக்கும் பொருந்துகிற பெயர்தானே?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் எனக்கு இரவு தூக்கம் வராது. எம்டனில் விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை வந்தார், அவர் சொல்லித்தான் குண்டு போட்டார்கள் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அவர் செய்த வேலைகளே போதுமான அளவு பெரியவை. நாம் கட்டிக்கொடுக்கிற கப்பல் டிக்கெட் அவருக்கு வேண்டியதில்லை.

மெட்ராஸைச் சுட்ட பிறகும் எம்டன் ஓயவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் டியகோ கார்சியா தீவுக்குப் போனார்கள். உலகப் போர் தொடங்கியிருப்பதே அந்தத் தீவுக்காரர்களுக்குத் தெரியாது! முல்லரும் அதைச் சொல்லவில்லை. பழுதாகிக் கிடந்த அவர்களுடைய மோட்டார் படகைச் சரி செய்து கொடுத்துவிட்டு வந்தார். அக்டோபர் 28ஆம் தேதி விடியற்காலை பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து ‘ஜெம்சுக்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார். வெளியே வரும்போது ஒரு சிறிய பிரெஞ்சுப் போர்க்கப்பல் எதிர்த்து வந்தது. அதையும் மூழ்கடித்தார். பிறகு நின்று, தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் முப்பத்தாறு பேரைத் தூக்கி ஏற்றிக்கொண்டார். எதிரி துரத்தி வரக்கூடிய நேரத்தில் நின்று ஆள் தூக்கினார் என்பதைக் கவனியுங்கள்.

நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவில் கதை முடிந்தது. அங்கே கடலடித் தந்திக் கம்பியை அறுக்க ஐம்பது பேரைக் கரையில் இறக்கினார். தந்தி நிலையத்துக்காரர்கள் அதற்குள் ‘தெரியாத கப்பல் வந்திருக்கிறது’ என்று சேதி அனுப்பிவிட்டார்கள். பக்கத்திலேயே, ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிப் போன கப்பல் கூட்டத்துக்குக் காவலாக ‘சிட்னி’ என்ற போர்க்கப்பல் போய்க்கொண்டிருந்தது. எம்டனைவிடப் பெரியது, வேகமானது, பீரங்கியும் பெரிது. கரையில் இறங்கியவர்களை ஏற்றிக்கொள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை. கப்பல் மூழ்கினால் மிச்சமிருக்கிற ஆட்களும் போய்விடுவார்கள் என்று, சிதைந்துபோன எம்டனை முல்லர் பவளப்பாறைமேல் ஏற்றி நிறுத்தினார். கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. சரணடைகிறாயா என்று சிட்னி கேட்டது. குறியீட்டுப் புத்தகங்களை எரித்துவிட்டதால் எம்டன்காரர்களுக்கு அது புரியவில்லை. சிட்னி மறுபடி சுட்டது. அந்தக் கடைசிக் குண்டுகளை நினைத்து சிட்னியின் கேப்டன் கிளாசப் பின்னால் மிகவும் மனம் வருந்தினார். எம்டனில் மொத்தம் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சரி, விருதுக்கு வருகிறேன். அழைப்பிதழில் போட்டதைப் பேசாமல் போனால் செயலாளர் கோபித்துக்கொள்வார்.

முல்லருக்கு இரும்புச் சிலுவை கொடுத்தார்கள். ‘பூர் லெ மெரிட்’ என்ற மிகப் பெரிய பதக்கம் 1918 மார்ச்சில்தான் வந்தது, மெட்ராஸைச் சுட்டு மூன்றரை வருடம் கழித்து. பிரஷ்ய ராஜ்யத்தின் தலைசிறந்த வீரப் பதக்கத்துக்குப் பெயர் பிரெஞ்சில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். இந்தக் கூத்து அவர்கள் பாடு. ஜெர்மனி புதிதாக ஓர் எம்டனைக் கட்டி அதன் முகப்பில் ஓர் இரும்புச் சிலுவையையே பொருத்தியது. அந்த மட்டில் பதக்கம் வாங்கிய ஆளைவிடக் கப்பலுக்குப் பெருமை கூடுதல்.

அந்தப் பக்கம் கிளாசப்புக்கும் ஒரு விருது கிடைத்தது. ஆனால் என் மனதில் நிற்பது சிட்னியின் மாலுமிகளுக்குக் கிடைத்ததுதான். எம்டன் கல்லாவில் மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆஸ்திரேலியர்கள் அவற்றில் சுமாராக ஆயிரம் நாணயத்துக்கு மேலே ஒரு மகுடமும் இரண்டு கப்பல்களின் பெயரும் வைத்து, நகைக்கடையில் பதக்கமாகச் செய்துகொண்டார்கள். தோற்றவன் கல்லாவிலிருந்து வென்றவனுக்குப் பதக்கம்!

இதெல்லாம் உலோகம். உலோகம் இல்லாமல் இரண்டு மரியாதை அவருக்குக் கிடைத்தது. ஒன்று, தோற்ற கேப்டனும் அதிகாரிகளும் தங்கள் வாளை வைத்துக்கொள்ளலாம் என்று லண்டனிலிருந்தே உத்தரவு வந்தது. இன்னொன்று கொழும்பில். காயம்பட்ட ஜெர்மானியர்களை ஏற்றிக்கொண்டு சிட்னி கொழும்புத் துறைமுகத்துக்குள் வருகிறது. அங்கே படைக்கப்பல்களில் ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியர்கள், நியூசிலாந்துக்காரர்கள், ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் கடற்போர் வெற்றி. தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டாமா? வேண்டாம் என்று கிளாசப் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார், கப்பலில் அடிபட்டவர்கள் படுத்திருக்கிறார்கள் என்று. சத்தமில்லாமல் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

முல்லரை முதலில் மால்டாவிலும் பிறகு இங்கிலாந்திலும் சிறை வைத்தார்கள். 1917இல் இருபத்தொரு கைதிகளோடு சுரங்கம் வழியாகத் தப்பினார், பிடிபட்டார். முன்னே சொன்னேனே, அந்தக் காய்ச்சல், அதுதான் அவரை நெதர்லாந்துக்கு அனுப்பி வைத்தது. 1919 தொடக்கத்தில் உடல்நிலை சரியில்லை என்று ஓய்வு. பதிப்பாளர்கள் விடுவார்களா? புத்தகம் எழுதுங்கள் என்று கேட்டார்கள். எம்டனில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் எழுதினார், பெயரும் புகழும் வந்தது. முல்லர் மறுத்துவிட்டார். செத்த தோழர்களின் ரத்தத்தை விற்றுக் காசாக்குவது போல இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். 1923 மார்ச்சில் இறந்தார், ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை.

பிழைத்த மாலுமிகளுக்கு ஜெர்மனி ஒன்று செய்தது. அவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு ‘எம்டன்’ என்று சேர்த்துக்கொள்ளலாம், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி. அங்கே அதற்கு அரசாங்கம் முத்திரை குத்திக் காகிதம் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே என் பாட்டி எவரிடமும் கேட்காமல் என் தாத்தாவுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தாள்.

இவ்வளவு நேரம் அவரைப் புகழ்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பிடித்த வணிகக் கப்பல்களில் ஓர் உயிரைக்கூட அவர் எடுக்கவில்லை என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மைதான். அந்தக் கணக்கில் மெட்ராஸ் சேராது. அன்று இரவு துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ‘சுப்ரா’ என்ற வணிகக் கப்பலிலும் குண்டு விழுந்தது. குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். எம்டன் பெயரில் படம் எடுத்தோம், சொல் உண்டாக்கினோம். உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில், குண்டு பட்ட இடத்தில், ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். சுவருக்குப் பட்ட காயத்துக்கு அந்தக் கல்வெட்டு.

துறைமுகத்தில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்கள் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இன்னும் இருக்கின்றன. இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். அன்று இரவு செத்தவர்களைப் பற்றி வீட்டில் பாட்டன் சொன்ன கதை, பழைய கடிதம், ஒரு பெயர், எதுவாக இருந்தாலும் சரி. கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் புத்தக மேசையருகே நான் நோட்டோடு நிற்பேன்.